அசையாத புள்ளி

நாவாய், வங்கம், கலம், அம்பி, தோணி என்று வகுப்பறையில் ஆண்டுதோறும் மாணவர்களுக்கு ஒப்பித்து வருகிறேன். மெய்யான கப்பல் ஒன்றைப் பற்றி எனக்கு எதுவுமே தெரியாது என்பது, மும்பை ஹை எண்ணெய் வயலுக்குச் சரக்கு கொண்டுசெல்லும் கப்பலில் தம்பி வேலைக்குச் சேர்ந்தபோதுதான் உறைத்தது.

முதலில் அவன் தந்தது ஓர் ஏழிலக்க எண். பெயரும் உடைமையாளரும் மாறினாலும் கப்பலின் இவ்வெண் மாறாது. முதல் ஆறு இலக்கங்களை முறையே 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால், கூட்டுத்தொகையின் கடைசி இலக்கமே ஏழாம் இலக்கம். தாளில் போட்டுப் பார்த்தேன், தளை தட்டவில்லை!

பிறகு கப்பலின் விவரக்குறிப்பைப் படிக்கத் தொடங்கினேன். மாலுமி மேடையும் தங்கும் அறைகளும் முன்புறம். பின்னால் குழாய்களும் பெட்டிகளும் ஏற்ற வெட்டவெளியான தளம். அதன் கீழே சிமெண்ட், துளையிடும் சேறு, டீசல், குடிநீர் ஆகியவற்றுக்குத் தனித்தனித் தொட்டிகள். 'டிபி-2' என்றொரு குறிப்பும் இருந்தது. நங்கூரமின்றியே, கணினி இயக்கும் உந்திகளால் நின்ற இடத்தில் நிற்கும் ஏற்பாடாம் அது. இயங்கும் கருவிகளில் ஒன்று பழுதானாலும் இடம் பிசகக்கூடாது. பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு 27 ஜூலை 2005 சாட்சி. 'சமுத்ரா சுரக்ஷா' என்ற கப்பல், காயமுற்ற சமையற்காரரை மும்பை ஹை மேடைக்கு மாற்றும் முயற்சியின்போது அதன் எரிவாயுக் குழாயில் மோதியது. மூண்ட தீயில் 22 பேர் மாண்டனர். இதை அம்மாவிடம் நான் சொல்லவில்லை.

அம்மாவுக்கு வேண்டியது கணினித் திரையில் தெரியும் புள்ளி மட்டுமே. "எய்யா, தம்பி கப்பல் இப்ப எங்கன நிக்கு?" என்று ஒவ்வோர் இரவும் வந்து நிற்பாள். கப்பலின் ஏஐஎஸ் கருவி தன் இடத்தையும் வேகத்தையும் ஓயாது ஒலிபரப்புகிறது. ஆனால் கரையிலுள்ள வாங்கிகளுக்குச் சில பத்துக் கடல்மைல்களுக்கு மேல் எட்டுவதில்லை. எண்ணெய் வயலோ மும்பையிலிருந்து ஏறத்தாழ 160 கி.மீ. அதற்கப்பால் செயற்கைக்கோள்தான், அதற்குக் காசு கட்ட வேண்டும். இலவசப் பக்கத்தில் நான் பார்த்ததெல்லாம் கரையை விட்டு நீங்குமுன் கடைசியாகப் பதிவான இடமே. அதைத்தான் 'இப்போது' என்று அம்மாவுக்குக் காட்டிவந்தேன்.

2021 மே மாதம் டவ்தே புயல் வந்தது. 17ஆம் தேதி, சொந்த எஞ்சின் இல்லாத, 261 பேர் தங்கியிருந்த பி-305 மிதவை அந்த வயலருகே மூழ்கியது. மறுநாள் முழுக்கத் தொலைக்காட்சியில் அதுவே செய்தி. தம்பியின் நிறுவனத்துத் தொலைபேசி அடித்துக்கொண்டேயிருந்தது, எடுப்பாரில்லை. அன்றிரவும் அம்மா வந்தாள். துறைமுக வாயிலில் நின்ற புள்ளியைக் காட்டி, "கரைக்குப் பக்கத்துலதாம்மா நிக்கு" என்றேன்.

"நேத்தும் அங்கனதான நின்னுது. முந்தாநாளும் அங்கனதான்" என்றாள். சற்று நேரம் திரையையே பார்த்துவிட்டு, "நீ சாப்பிடுய்யா" என்று சொல்லிப் போய்விட்டாள்.

19ஆம் தேதி மாலை தம்பி அழைத்தான். அலைக்கு முகம் கொடுத்தபடியே இரவு முழுவதும் கப்பலை நிறுத்தியிருந்தார்களாம். அதற்குப் பிறகு நீரில் மிதந்தவர்களைத் தேடினார்களாம். "அம்மாட்ட குடுண்ணே" என்றான். அவள் பேசியை வாங்கிக்கொண்டு புறவாசலுக்குப் போனாள். நான் கணினியை அணைத்தேன்.