பிள்ளை கதைக்கப் பிந்தினால் தமிழைக் குற்றம் சொல்லாதீர்கள்

நான் அதிகம் படித்தவன் அல்லன். ஓ.எல். சோதனை எழுத முன்னரே வன்னியில் இடம்பெயர்வு தொடங்கிவிட்டது. இன்று சார்ஜாவில் ஒரு பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் மெசின் ஓட்டுகிறேன். என் மூத்த மகனுக்கு ஓட்டிசம் இருக்கிறது. அவனால் நானும் மனைவியும் அறிந்துகொண்ட சிலவற்றை, சின்னப் பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோருக்குச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

இங்கே எங்கள் பிள்ளைகள் வளரும் விதம் உங்களுக்குத் தெரியும். தாயின் வாயில் தமிழ், பக்கத்து அறையில் மலையாளம், கடையில் ஹிந்தி, ரீவியில் ஆங்கிலம், பள்ளிவாசலில் அரபு. ஆகவே ஒரு பிள்ளை கதைக்கப் பிந்தினால் காரணம் தேடி எவரும் அலைவதில்லை.

எங்கள் மகன் இரண்டு வயது கடந்தும் "அம்மா" என்று சொல்லவில்லை. கூப்பிட்டால் திரும்பமாட்டான். வேண்டியதை விரலால் காட்டமாட்டான். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அந்தப் பொருளின்மேல் வைப்பான். "நீயும் மூண்டு வயசிலைதான் கதைச்சனீ, பயப்பிடாதை தம்பி" என்றார் ஊரிலிருந்து என் தாயார். "நாலு பாஷை காதிலை விழுந்தால் பிள்ளை குழம்பாமல் என்ன செய்யும்?" என்றார் பக்கத்து அறை அண்ணை. ஒரு கிளினிக்கில் இன்னும் ஒருபடி மேலே போய், "வீட்டில் தமிழை நிறுத்துங்கள், ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்" என்றார்கள். எனக்குத் தெரிந்தது மெசினுக்குப் பக்கத்தில் நின்று பேசும் ஆங்கிலம். அதை வைத்துப் பிள்ளையைத் தாலாட்ட முடியுமா? மனைவிக்கு அதுவும் தெரியாது. தமிழை நிறுத்தினால் எங்கள் வீட்டில் பேச்சே நின்றுபோயிருக்கும். நாங்கள் நிறுத்தவில்லை.

பிறகு எங்களுக்குக் கிடைத்த பேச்சுப் பயிற்சியாளர் அதுவே சரி என்றார். இரண்டு மூன்று மொழி கேட்பதால் பேச்சுக் குறைபாடோ ஓட்டிசமோ வருவதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஓட்டிசம் உள்ள பிள்ளைக்கும் வீட்டு மொழியால் கேடு இல்லை. தாய் எந்த மொழியில் தடையில்லாமல் கொஞ்சுவாளோ, கதை சொல்லுவாளோ, அந்த மொழியில்தான் பிள்ளைக்கு அதிகம் கிடைக்கும்.

இன்னொன்றும் சொல்லித் தந்தார். பிள்ளையின் சொற்களை எண்ணும்போது எல்லா மொழியையும் சேர்த்து எண்ணவேண்டும். தமிழில் ஐந்தும் மலையாளத்தில் மூன்றும் சொன்னால், அந்தப் பிள்ளைக்கு எட்டுச் சொல். அப்படி எண்ணியும் குறைவாக இருந்தால் பழி மொழியில் இல்லை. வேறு காரணத்தைத் தேடவேண்டும்.

கவனிக்கவேண்டியவை இவை. ஒரு வயதில் மழலைச் சத்தம் இல்லை. விரலால் காட்டுவதோ கையசைப்பதோ இல்லை. ஒன்றேகால் ஒன்றரை வயதாகியும் ஒரு சொல்லும் இல்லை. இரண்டு வயதில் "பால் தா" போல இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்வதில்லை. எந்த வயதிலானாலும் வந்த பேச்சு மறைந்துபோகிறது. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் "பொறுத்துப் பார்ப்போம்" என்று இருக்காதீர்கள். நல்லூரானுக்கு நேர்த்தி வையுங்கள். அதே கிழமையில் வைத்தியரிடமும் போங்கள். முதலில் காது கேட்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். கேள்விக் குறைவு இருந்தால் அதற்கு வழி வேறு; ஓட்டிசத்துக்கு வழி வேறு.

தாய்மாருக்கு ஒரு வார்த்தை. ஓட்டிசத்தை லியோ கனர் என்ற வைத்தியர் 1943இல் பதினொரு பிள்ளைகளைப் பார்த்து விவரித்தார். அதன்பின் பல வருடங்களாக, தாயின் அன்புக் குறைவால்தான் இது வருகிறது என்று பெரிய படிப்புப் படித்தவர்களே சொன்னார்கள். 1964இல் பேர்ணாட் ரிம்லாண்ட் என்பவர், தானும் அப்படியொரு பிள்ளையின் தகப்பன், அதை மறுத்துப் புத்தகம் எழுதினார். இன்று அந்தப் பழியை மருத்துவம் கைவிட்டுவிட்டது. எங்கள் சனத்தில் இன்னும் சிலர் விடவில்லை. அவர்களுக்காக அழவேண்டாம்.

விசேட கல்வி என்றதும் பிள்ளையை ஒதுக்கிவைக்கும் இடம் என்று நினைக்கவேண்டாம். அங்கே ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாக ஒரு திட்டம் எழுதுவார்கள். எங்கள் மகனுக்கு முதலில் எழுதியது, தண்ணீர் வேண்டுமென்றால் தண்ணீர்ப் படத்தை எடுத்துத் தருவது. சிறிய விசயம்தான். ஆனால் அதுவரை தாகத்துக்கு அவன் அழுதுதான் கேட்டான். அந்தப் படத்துக்குக் கீழே மனைவி தமிழில் "தண்ணி" என்று எழுதி ஒட்டினாள். படம் தரும்போதெல்லாம் சொல்லிக்கொண்டே கொடுத்தாள். பல மாதங்களின் பின் அவன் சொன்ன முதல் சொல் அதுதான். இன்றும் அவன் அதிகம் கதைப்பதில்லை. ஆனால் கேட்கத் தெரியும், வேண்டாம் என்று சொல்லத் தெரியும்.

எங்கே விசாரிப்பது? சார்ஜாவில் 1979இல் தொடங்கிய மனிதாபிமான சேவைகள் நகரம் இருக்கிறது. துபாயில் 1981இல் தொடங்கிய அல் நூர் நிலையமும், 2001இல் அமைந்த துபாய் ஓட்டிசம் நிலையமும் இருக்கின்றன. இந்த நாட்டின் 2006ஆம் ஆண்டு 29ஆம் இலக்கச் சட்டம், விசேட தேவை இருப்பது மட்டும் அரச, தனியார் பாடசாலைகளில் சேர்வதற்குத் தடையாகாது என்கிறது. ஆனால் காசும் இடமும் பெரிய பிரச்சினை. ஆகையால் பலரிடம் கேளுங்கள், காத்திருப்போர் பட்டியலில் பெயரைப் பதியுங்கள், காத்திருக்கும் காலத்தில் வீட்டிலே செய்யக்கூடிய பயிற்சியைக் கேட்டு வாங்குங்கள். ஊருக்குத் திரும்பும் குடும்பங்கள் கோண்டாவில் சிவபூமிப் பாடசாலையிலும், செவிப்புலன் குறைந்த பிள்ளைக்குக் கைதடி நவீல்ட் பாடசாலையிலும் விசாரிக்கலாம்.

வைத்தியரிடம் போகும்போது ஒரு கொப்பியில் பிள்ளை சொல்லும் சொற்களை, எந்த மொழியானாலும், எழுதிக் கொண்டுபோங்கள். செய்யாதவற்றையும் எழுதுங்கள். கதைக்க மொழி தெரியாவிட்டால், தெரிந்த ஒருவரை ஒருநாள் லீவு எடுத்துக்கொண்டு கூட வரச் சொல்லிக் கேளுங்கள். எங்களோடும் ஒரு தம்பி அப்படி வந்தார். கேட்க வெட்கப்படாதீர்கள்.