பச்சைத் தண்ணீர்

கணையம் என்ற சொல் எனக்கு நோயாக வருவதற்கு முன்பே பாடமாக வந்திருந்தது. சங்கப் பாடல்களுக்கான உரைகளில் ‘எழு’ என்பதற்குக் கணைய மரம் என்று பொருள் எழுதியிருப்பார்கள். கோட்டைக் கதவு திறந்துகொள்ளாதபடி குறுக்கே போடும் மரம். வயிற்றில் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் குறுக்கே கிடக்கும் உறுப்புக்கும் அதே பெயர்தான். ஒளிந்து கிடப்பதால் அதில் கட்டி வந்தால் வெளியே தெரிய நாளாகும். முதுகுவலி, பசியின்மை, எடைக்குறைவு, திடீர்ச் சர்க்கரை என்று வேறு வேடங்களில் வரும். நாற்பதைத் தாண்டிய பெண் இவற்றைச் சொன்னால் பதில் தயாராக இருக்கிறது: கேஸ், வேலைக் களைப்பு, மாதவிடாய் நிற்கும் காலம். எனக்கும் பல மாதம் இவற்றுக்குத்தான் மருந்து கொடுத்தார்கள். கண் மஞ்சளித்த பிறகுதான் ஸ்கேன். கட்டி ரத்தக்குழாயைச் சுற்றிக்கொண்டிருந்தது. உடனே அறுக்க முடியாது, கீமோவில் சுருங்கினால் பார்க்கலாம் என்றார்கள்.

எனக்கு ஏறுவது நான்கு மருந்துகள் சேர்ந்த ஃபால்ஃபிரினாக்ஸ். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. அதில் ஃப்ளூரோயுராசில் மட்டும் 46 மணி நேரம், சிறு பம்ப் வழியாக, மார்பில் பதித்த போர்ட்டுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். பம்பை இடுப்பில் கட்டிக்கொண்டு மதுரையிலிருந்து உசிலம்பட்டி, ஆண்டிபட்டி வழியாகத் தேனி வந்து, அங்கிருந்து கம்பம் பஸ் பிடிப்பேன். இன்னொரு மருந்து ஆக்ஸாலிபிளாட்டின். அது ஏறிய சில நாட்களுக்குக் குளிர்ச்சி ஆகாது. குழாயில் கை வைத்தால் விரலில் முள் இறங்கும். குளிர்ந்த நீர் குடித்தால் தொண்டை அடைத்துக்கொண்டதுபோல் இருக்கும்.

முதல் சுற்று முடிந்ததும் கையில் ஒரு தாள் கொடுத்தார்கள். குளிர்ந்த நீரைத் தொடக் கூடாது. ஃபிரிட்ஜிலிருந்து எதையும் எடுக்கக் கூடாது. சமையல் வாசனை குமட்டினால் அடுப்படியை விட்டு விலகி இருக்கவும். கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை சாப்பிடவும். நன்றாக ஓய்வெடுக்கவும்.

தாளில் தப்பில்லை. ஆனால் அதை எழுதியவர் மனதில் இருந்த நோயாளிக்குச் சோறு பொங்கிப் போட வீட்டில் இன்னொருவர் இருக்கிறார்.

அரிசி களைவது, கீரை அலசுவது, வாசல் தெளிப்பது, பாத்திரம் தேய்ப்பது, மாவு கரைப்பது, துணி அலசுவது, டிபன் பாக்ஸ் கழுவுவது. காலை ஐந்தரையிலிருந்து கல்லூரி பஸ் ஏறும்வரை பச்சைத் தண்ணீரில் கை வைக்கவேண்டிய வேலைகளை ஒருநாள் நோட்டில் குறித்தேன். 17 வந்தது. இருபது வருடமாக நான் இருந்தது தண்ணீருக்குள் என்பதை மருந்து வந்துதான் காட்டியது.

கணவர் ரப்பர் கையுறை வாங்கி வந்தார். அன்பில்தான் வாங்கினார். நான் வேலையைத் தொடர வழி செய்திருக்கிறோம் என்று அவருக்குத் தோன்றவில்லை. மூன்றாவது சுற்றில் அதை அவரிடமே நீட்டி, “சைஸ் பத்தலேன்னா உங்களுக்கு வேற வாங்கிக்கோங்க” என்றேன். “ஆம்பளப் பிள்ளையப் பாத்திரம் தேய்க்க வச்சுட்டான்னு தெருவே பேசும்” என்றார் அத்தை. தெரு பேசியது. அவர் தேய்த்தார்.

அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பெர்க்கைப் பற்றித் தோழிகள் எனக்கு அனுப்புவார்கள். 2009 பிப்ரவரியில் கணையப் புற்றுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டு அந்த மாதமே நீதிமன்றம் திரும்பினார். 2020இல் ஜெம்சிட்டபின் ஏற்றிக்கொண்டே வேலை பார்த்தார். அந்த ஆண்டு செப்டம்பரில், 87 வயதில் இறந்தார். மன உறுதிக்கு அவரை எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள். அவருக்குக் கட்டி சிறிதாக இருக்கும்போதே தெரிந்துவிட்டது என்பதைச் சொல்வதில்லை. அவர்கள் வீட்டில் சமையல் கணவர் மார்ட்டினுடையது என்பதையும் சொல்வதில்லை. மார்ட்டினின் சமையல் குறிப்புகள் அவர் மறைவுக்குப் பின் 2011இல் புத்தகமாகவே வந்தன. உறுதி ரூத்துடையதுதான். அடுப்பு அவருடையதாக இல்லை.

கீமோ வார்டில் பக்கத்துக் கட்டிலில் கோம்பைப் பக்கத்து அக்கா ஒருவர். அவருக்குப் பெருங்குடலில் புற்று. மருந்து அதே ஆக்ஸாலிபிளாட்டின். விடியுமுன் ஜீப்பேறி, கம்பம்மெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகிறவர். ஏலக்காய் செடியின் அடியில், தரையோடு கிடக்கும் சரத்தில் காய்க்கும். முற்றிய காயை மட்டும் தேடிக் கிள்ள வேண்டும். விரலுக்கு உணர்ச்சி இருந்தால்தான் முடியும்.

“டீச்சரம்மா, உங்களுக்குச் சம்பளத்தோட லீவு. நான் மலைக்குப் போகலேன்னா கூலி இல்ல. போனா ஒரே பனி. காய் கையில இருக்கா, கீழ விழுந்துருச்சான்னே தெரிய மாட்டேங்குது” என்றார்.

முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை அவருடைய மருந்தைப் பார்த்துக்கொண்டது. கூலிக்கும், வீட்டில் சோறாக்க ஆளுக்கும் அட்டை இல்லை. மரத்துப்போவதை அவர் டாக்டரிடம் சொல்லவும் இல்லை. சொன்னால் சிகிச்சையை நிறுத்திவிடுவார்களோ என்ற பயம். அளவைக் குறைப்பார்கள், தேவைப்பட்டால் அந்த ஒரு மருந்தை மட்டும் நிறுத்துவார்கள், சொல்லாமல் விட்டால் மரப்பு நிலைத்துவிடலாம் என்றேன். அன்றே சொன்னார். அளவைக் குறைத்தார்கள்.

சொல்லாமல் தாங்குவதைத்தான் நமக்குப் பொறுமை என்று பழக்கியிருக்கிறார்கள். இரினோடெகன் வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும், பஸ்ஸிலும் வரும். கணையத்தின் என்சைம் குறைந்தால் மலத்தில் எண்ணெய் மிதக்கும். ஆண் டாக்டர் முன்னால் இதை வாய்விட்டுச் சொன்னேன். கணவர் தரையைப் பார்த்தார். டாக்டர் சாப்பாட்டோடு போட என்சைம் மாத்திரை எழுதினார். எடை இறங்குவது நின்றது.

அந்தத் தாளை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி, ஒவ்வொரு வரிக்கும் எதிரே அதைச் செய்யவேண்டியவர் பெயரை எழுதியிருக்கிறேன். எனக்கு எத்தனை நாள் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. எத்தனையானாலும் அவற்றில் எழுதவும் படிக்கவும் சும்மா படுத்திருக்கவும் எனக்கு வேலை இருக்கிறது. அடுத்த வாரம் ஒன்பதாவது சுற்று. பாத்திரத்துக்கு எதிரே மகன் பெயர். அவன் தேய்த்தால் இட்லிப் பானையில் கறை அப்படியே இருக்கும். நான் திரும்பத் தேய்ப்பதில்லை.