அப்புச்சி ரேடியோவில் ஓடும் எழுத்து

காரில் ரேடியோவைப் போட்டதும் திரையில் அலைவரிசை எண் வரும். ஓரிரு நொடியில் எண் மறைந்து, அந்த இடத்தில் நிலையத்தின் பெயர் ஆங்கில எழுத்தில் வந்து நிற்கும். சில நேரம் அதற்குக் கீழே இன்னொரு வரி ஊர்ந்து போகும். பாட்டின் பெயராக இருக்கலாம், நகைக்கடை விளம்பரமாகவும் இருக்கலாம். இன்டர்நெட்டில் இருந்து வருகிறது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சிம் கார்டே இல்லாத ரேடியோவிலும் அது வரும். பாட்டோடு சேர்ந்து காற்றிலேயே வருகிற எழுத்து அது. பெயர் ஆர்.டி.எஸ்., அதாவது ரேடியோ டேட்டா சிஸ்டம்.

நம்மில் பெரும்பாலோருக்கு அது கண்ணில் பட்டும் படாமலும் போகிற அலங்காரம். பரமத்தி வேலூரில், காவிரிக்கரைப் பக்கம் இருக்கும் ஒரு வீட்டில் அப்படி இல்லை.

அந்த வீட்டுப் பெரியவருக்கு வயது 76. காலமெல்லாம் வெற்றிலைக் கொடிக்கால்தான். கொடி படர நட்ட அகத்தி மரத்தில் ஒரு கிளையை ஒடிக்காமல் விட்டுவைத்து, அதில் டிரான்சிஸ்டரை மாட்டிவிட்டுத்தான் வெற்றிலை கிள்ள ஆரம்பிப்பார். திருச்சி வானொலி அவருக்கு இன்னொரு உறவு மாதிரி. 1939ல் தொடங்கிய நிலையம் அது. 1960களில் தஞ்சாவூர்ப் பக்கம் ஆடுதுறை 27 என்ற நெல் ரகத்தை ரேடியோ கேட்டே விவசாயிகள் பயிரிட்டார்கள். அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வந்துவிட்டது. அந்தக் காலத்து ஆள் இவர். பாட்டுக்கு முன்னால் படத்தின் பெயர், எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் என்று அறிவிப்பாளர் நிதானமாகச் சொல்வாரே, அதைப் பாட்டை விடக் கவனமாகக் கேட்பார். கேட்டதை மனதில் ஏற்றிக்கொண்டு, சாயங்காலம் டீக்கடையில் பந்தயம் கட்டுவார்.

கடந்த சில ஆண்டுகளாகக் காது மங்கிவிட்டது. வயதாகும்போது முதலில் போவது கீச்சென்ற மேல் ஒலிகள்தான். மேளம் கேட்கும், ராகம் கேட்கும். பேச்சில் ச, த, க போன்ற எழுத்துகள் மட்டும் நழுவிவிடும். அதனால் பாட்டு ஓடுவது தெரிகிறது, என்ன பாட்டு என்று பிடிபடுவதில்லை. காது மிஷின் வாங்கிக் கொடுத்தார்கள். தலைக்குள் இரைச்சல் என்று கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார். ரேடியோவை மட்டும் விடவில்லை. சத்தம் கூடிக்கொண்டே போனது. பக்கத்து வீட்டுக்காரர்கள் மரியாதைக்காகப் பொறுத்துக்கொண்டார்கள்.

மகள் வயிற்றுப் பேத்தி அந்த வீட்டில் தங்கித்தான் நாமக்கல்லில் எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிறாள். ஒருநாள் தன் போனில் எஃப்.எம். ஆப்பைத் திறந்து, வயர் ஹெட்செட்டைச் செருகி (அந்த வயர்தான் போனுக்கு ஏரியல், புளூடூத் மாட்டினால் நிலையம் எடுக்காது), செட்டிங்ஸில் ஆர்.டி.எஸ். என்றிருந்ததை ஆன் செய்தாள். சத்தத்தை ஸ்பீக்கருக்கு மாற்றி அப்புச்சியின் கையில் கொடுத்தாள்.

"ஏங்கண்ணு, இதென்ன எறும்பாட்டம் ஊர்ந்து போகுது?"

"பாட்டுப் பேருங்க அப்புச்சி. அவங்களே அனுப்பறாங்க."

"எதுல அனுப்பறாங்க?"

பேத்தி விளக்கினாள். நிலையம் அனுப்பும் சிக்னலில் நம் காதுக்கான ஒலி 15 கிலோஹெர்ட்ஸ் வரைதான். 19ல் ஸ்டீரியோவுக்கான அடையாள ஒலி ஒன்று உண்டு. அதைப் போல மூன்று மடங்கு, 57 கிலோஹெர்ட்ஸில், இந்த எழுத்துகள் ஏறி வருகின்றன. மனிதக் காது 20 கிலோஹெர்ட்ஸைத் தாண்டிக் கேட்காது.

"அப்போ இது எனக்கு மட்டும் கேக்காம இல்ல. ஊருக்கே கேக்காது!" என்று அவர் சிரித்த சிரிப்பை அந்த வீட்டில் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

வேகம் என்று பார்த்தால் இது மாட்டுவண்டி. விநாடிக்கு 1,187.5 பிட்தான். 104 பிட் கொண்ட கட்டுகளாக, விநாடிக்குப் பதினொரு கட்டு போல வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு 16 பிட்டுக்கும் 10 பிட் காவல். வழியில் எழுத்து சிதைந்திருந்தால் கண்டுபிடிக்க. நிலையத்தின் பெயருக்கு 8 எழுத்துதான் இடம். அதுவும் இரண்டிரண்டு எழுத்தாக நான்கு தவணையில் வரும். பாட்டின் பெயர் வருகிற வரிக்கு 64 எழுத்து. சிக்னல் மெலிந்த இடத்தில் பெயர் பாதியில் நிற்பதும், எழுத்து அரைகுறையாக வருவதும் இதனால்தான். செட் ரிப்பேர் என்று நினைத்துவிட வேண்டாம்.

ஐரோப்பாவில் பிறந்த ஏற்பாடு இது. ஜெர்மனியில் 1974ல் கார் ஓட்டுபவர்களுக்குச் சாலை நிலவரம் சொல்ல ஒரு முறை வந்தது. அதைத் தொடர்ந்து ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 1984ல் ஆர்.டி.எஸ். தரத்தை வெளியிட்டது. அதில் நாம் பயன்படுத்தாத வசதிகள்தான் அதிகம். ஒரே நிகழ்ச்சி வேறு வேறு எண்ணில் ஒலிபரப்பானால், வண்டி ஊர் தாண்டும்போது ரேடியோ தானே அடுத்த எண்ணுக்குத் தாவும். ஏ.எஃப். என்று செட்டிங்கில் இருக்குமே, அதுதான். நாமக்கல் லாரிக்காரர்களுக்கு என்றே செய்ததுபோல் இருக்கிறது. ஆனால் நிலையம் அந்த எண்களின் பட்டியலை அனுப்பினால்தான் வேலை செய்யும். பட்டியல் வராத ஊரில், சிக்னல் குறைந்ததும் ரேடியோ தேடுவதும் மௌனமாவதுமாகத் தொல்லை தரலாம். அப்போது அதை ஆஃப் செய்துவிடலாம்.

கடிகாரமும் உண்டு. நிமிடத்துக்கு ஒருமுறை நேரம் வரும். உலகப் பொது நேரத்தை அனுப்பி, உள்ளூருக்கு எத்தனை அரை மணி கூட்ட வேண்டும் என்றும் சொல்லிவிடும். நமக்குப் பதினொரு அரை மணி, ஐந்தரை. நேபாளத்துக்கு ஐந்தே முக்கால் ஆயிற்றே, அரை மணிக் கணக்கில் அடங்காது. பாவம், அவர்களுக்கு வழியில்லை. உங்கள் காரில் கடிகாரம் நீங்கள் எத்தனை தடவை திருத்தினாலும் தப்பாகவே திரும்புகிறது என்றால், ஏதோ ஒரு நிலையம் தப்பான நேரத்தை அனுப்புகிறது என்று சந்தேகப்படலாம். செட்டிங்கில் சி.டி. என்றிருப்பதை அணைத்தால் சரியாகிவிடும்.

இதெல்லாம் இருக்கட்டும். கொடிக்கால் வீட்டில் முதல் நாள் மகிழ்ச்சி மூன்றாம் நாளே குறைந்தது. அன்று வந்த 64 எழுத்தும் விளம்பரம். மறுநாளும் அப்படியே. நிலையத்தின் பெயர் வர வேண்டிய எட்டுக் கட்டத்தில் கூட, துண்டு துண்டாக விளம்பர வாசகம். அந்த இடம் பெயருக்கு மட்டுமே, அதில் வாசகம் ஓட்டக் கூடாது என்று தரத்திலேயே எழுதியிருக்கிறது. இங்கே மட்டுமல்ல, உலகம் முழுக்க மீறுகிறார்கள்.

இன்னொரு சங்கடம் அதைவிடப் பெரியது. பெரியவர் ஐந்தாம் வகுப்பு. தமிழ் நாளிதழை விளம்பரம் வரை விடாமல் படிப்பார். ஆங்கில எழுத்து தெரியாது. பாட்டின் பெயர் சரியாக வந்தாலும் அது தமிழைத் தங்கிலீஷில் எழுதியதாகத்தான் இருக்கும். பேத்திதான் படித்து, ஒரு பழைய டைரியில் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டுவாள். அவள் கல்லூரிக்குப் போய்விட்டால் எறும்பு மறுபடி எறும்புதான்.

"நம்ம எழுத்துல வராதா கண்ணு?"

பழைய தரத்தில் வராது. ஐரோப்பிய எழுத்துகளுக்கு இடம் ஒதுக்கினார்கள். கிரேக்கம், ரஷ்யன், அரபி, ஹீப்ரு கூட அட்டவணையில் உண்டு. இந்திய எழுத்து ஒன்றுகூட இல்லை.

பாட்டின் பெயர் தெரியாமல் போனால் டீக்கடைப் பந்தயம்தான் போகும். அந்த வீட்டில் கவலை வேறு. 2018 ஆகஸ்டில் மேட்டூர் அணை நிரம்பி, காவிரியில் விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் வந்தது. கரையோரத்து ஆட்களை மேடான இடத்துக்குப் போகச் சொல்லி ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு போனார்கள். பெரியவர் கொடிக்காலுக்குள் இருந்தார். மைக் சத்தம் அவருக்கு ஏதோ கோயில் திருவிழா இரைச்சல் மாதிரி இருந்திருக்கிறது. பக்கத்துத் தோட்டத்துப் பையன் வரப்பில் ஓடிவந்து, ஒன்றும் பேசாமல் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். அப்போதே அவருக்குக் காது பாதிதான். இப்போது அதுவும் இல்லை.

ஆர்.டி.எஸ்.ஸில் இதற்கென்றே ஓர் அடையாள எண் இருக்கிறது. நிகழ்ச்சி எந்த வகை என்று சொல்ல 0 முதல் 31 வரை எண்கள் உண்டு. 31 என்றால் அபாய அறிவிப்பு. 30 அதற்கான ஒத்திகை. அதை மதிக்கிற ரேடியோ, பென்டிரைவில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தாலும் நிறுத்திவிட்டு நிலையத்துக்கு மாறும், சத்தத்தைக் கூட்டும், திரையிலும் எச்சரிக்கையைக் காட்டும். நம் நாட்டில் தனியார் எஃப்.எம். நிலையங்கள் சொந்தமாகச் செய்தி வாசிக்க முடியாது. ஆனால் 2011ஆம் ஆண்டின் கொள்கைப்படி வானிலை, போக்குவரத்து, இயற்கைச் சீற்றம் பற்றி உள்ளூர் நிர்வாகம் தரும் அறிவிப்புகள் செய்தி என்ற கணக்கில் வராது. ஆக, சட்டத்திலும் தடையில்லை, கருவியிலும் இடமிருக்கிறது. அந்த 64 எழுத்தில் நகைக்கடை ஓடுவதற்குப் பதிலாக 'மேட்டூர் திறப்பு' என்று ஒரு வரி ஓடலாம்.

போன் இருக்கும்போது ரேடியோ எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2023 அக்டோபரில் தமிழ்நாட்டில் எல்லாப் போன்களும் ஒரே நேரத்தில் அலறியது நினைவிருக்கும். பேரிடர் எச்சரிக்கைக்கான ஒத்திகை அது. பெரியவர் கையில் இருந்த போன் அதிர்ந்ததை அவரும் உணர்ந்தார். நல்ல ஏற்பாடுதான். ஆனால் 2015 சென்னை வெள்ளத்திலும், 2018 நவம்பர் கஜா புயலின்போது டெல்டாவிலும் மின்சாரம் போய், செல்போன் டவர்கள் செத்துக் கிடந்ததை மறக்க முடியாது. அப்படிப்பட்ட நாளில் கொடைக்கானல் மலையில் இருந்து 100.5ல் வருகிற மாதிரி தூரத்து ஒலிபரப்பும், இரண்டு பேட்டரி போட்ட ரேடியோவும் நின்று பிடிக்கும். போன்களில் எஃப்.எம். வசதியை முடக்கக் கூடாது என்று மத்திய அரசு 2023ல் தயாரிப்பாளர்களுக்கு அறிவுரை அனுப்பியதற்கும் பேரிடர்தான் காரணம்.

தமிழ் எழுத்துக்கும் வழி பிறந்திருக்கிறது. புதிய தரத்தில் யுனிகோட் எழுத்துகளை அனுப்பலாம். நிலையமும் அனுப்ப வேண்டும், ரேடியோவும் புதிதாக இருக்க வேண்டும். அதில் நிலையத்தின் பெயருக்கு 8க்குப் பதில் 32 பைட் இடம். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழுக்கு ஒவ்வொன்றுக்கும் மூன்று; புள்ளிக்கும் கொம்புக்கும் தனித்தனியாக மூன்று.

பேத்தி இதை டைரியில் கணக்குப் போட்டுப் பார்த்தாள். 'பரமத்தி வேலூர்' என்றால் 40 பைட். இடம் போதாது. டைரியை அப்புச்சியிடம் காட்டினாள். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பஸ்ஸு போர்டுல எப்படி எழுதறான் கண்ணு?" என்றார்.

'ப.வேலூர்'. 22 பைட்தான் வந்தது.