ஐந்தாவது தட்டு

போன ஞாயிற்றுக்கிழமை வேளச்சேரியில் தம்பி வீட்டில் சாப்பாடு. தம்பி மகளுக்கு நாலரை வயது, எல்.கே.ஜி. தட்டு எடுத்து வைப்பது அவள் வேலை. யாரும் கொடுத்ததல்ல, அவளாகப் பிடுங்கிக்கொண்டது. கீழ் அலமாரியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, வயிற்றோடு அணைத்துக்கொண்டு வந்து, குனிந்து, தரையில் வைத்தாள். தம்பி, தம்பி மனைவி, நான், அவள். ஆள் நாலு. தட்டு ஐந்து.

"ஸ்கூல்ல நூறு வரைக்கும் மூச்சு விடாம சொல்றா. வீட்டுல நாலு வரமாட்டேங்குது" என்றான் தம்பி.

நான் வாயைத் திறக்கவில்லை. எவர்சில்வர் தரையில் படுகிற சத்தத்துக்கு அடியில் எனக்கு வேறொரு சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அலுமினியம். அதன் சத்தம் கொஞ்சம் மொக்கையாக இருக்கும், தகரமும் இல்லாமல் வெண்கலமும் இல்லாமல்.

அம்மா பால்வாடி டீச்சர். திருமயம் பக்கத்தில் ஒரு கிராமம். 1980இல் வேலைக்குச் சேர்ந்தார். அங்கன்வாடி என்ற பெயர் அரசாங்கக் காகிதத்தில் அதற்கு முன்பே வந்துவிட்டது. குழந்தை வளர்ச்சித் திட்டம் நாட்டில் தொடங்கியதே 1975 அக்டோபர் 2ஆம் தேதி. ஆனால் எங்கள் ஊரில் யாருக்கும் அந்தப் பெயர் நாக்கில் ஏறவில்லை. இன்றைக்கும் அது பால்வாடிதான். அங்கன் என்றால் முற்றம் என்று பின்னால் தெரிந்தபோது சிரிப்பு வந்தது. அம்மாவின் பால்வாடியில் முற்றம் மட்டும்தான் உருப்படியாக இருந்தது. ஓட்டுக் கட்டடம் மழைக்கு ஒழுகும். ஒழுகுகிற இடமெல்லாம் பிள்ளைகளுக்கு மனப்பாடம். தூறல் விழுந்தால் போதும், சொல்லாமலே நகர்ந்து உட்காருவோம்.

நானும் அங்கேதான் படித்தேன். படித்தேன் என்று சொல்வது சரிதானா? சிலேட்டு தொட்டதாக ஞாபகம் இல்லை. மணல், கல், புளியங்கொட்டை, சாக்குப் பை, ஆயா வைத்த சோறு. இவைதான் ஞாபகத்தில் நிற்கின்றன.

1982 ஜூலையில் சத்துணவு வந்தபோது எனக்கு நாலு வயது. அதன் பிறகு காலை முழுக்க மத்தியானத்துக்காகவே நடக்கும். சோறு வெந்து வாசனை வந்ததும் அம்மா ஒரு பிள்ளையைக் கூப்பிடுவார். தினம் ஒரு பிள்ளை. "போயி தட்டு வையி." அவ்வளவுதான். எத்தனை என்று சொல்லமாட்டார். அந்தப் பிள்ளை அடுக்கிலிருந்து ஒரு தட்டை எடுத்து ஒருத்தன் முன்னால் வைக்கும். திரும்பி வந்து அடுத்ததை எடுக்கும். அடுக்கோடு தூக்கி வந்தால் ஒரே நடையில் முடிந்துவிடும். அந்த யோசனை யாருக்கும் மாதக்கணக்கில் வராது. அம்மாவும் சொல்லிக்கொடுக்க மாட்டார். சோறு ஆறும், ஆயா முணுமுணுப்பார்: "டீச்சரம்மா, நான் வச்சிட்டா ரெண்டு நிமிசம்." அம்மா கேட்காத மாதிரி இருப்பார்.

கடைசியில் ஒரு தட்டு மிஞ்சும், அல்லது ஒரு பிள்ளைக்குத் தட்டு இருக்காது. அப்போதுதான் அம்மா எழுந்து வருவார். "ஏன் மிஞ்சிருச்சு?" கேட்டுவிட்டு நிற்பார். அந்த நிற்றலை நான் வேறு எந்த வாத்தியாரிடமும் பார்த்ததில்லை. பதில் தெரிந்த முகம் இல்லாமல், நிஜமாகவே தனக்கும் தெரியாத மாதிரி நிற்பார். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். "செல்வி வரல!" என்று ஏதாவது ஒரு மூலையிலிருந்து குரல் வரும். வருகைப் பதிவேட்டை அம்மா எழுதுவதற்கு முன்னாலேயே தட்டு எழுதிவிடும்.

ஒன்று இரண்டு மூன்று என்று பாட்டாக ஒப்பிக்கிற பிள்ளைக்கு எண்ணத் தெரியும் என்று சொல்லிவிட முடியாது. ஒப்பிப்பது வாயின் வேலை. ஆளுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டே போய், கடைசியில் சொன்ன எண்தான் மொத்தத்துக்கும் பெயர் என்று புரிந்துகொள்வது வேறு வேலை, அதற்கு நாளாகும். இதையெல்லாம் புத்தகத்தில் நான் படித்தது நாற்பது வயதில். அம்மா அந்தப் புத்தகத்தைப் படித்ததில்லை.

புளியங்கொட்டை என்றேனே. அது ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருக்கும். ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்கியவை தாயத்துக்கு, முழுசாக இருப்பவை பல்லாங்குழிக்கு. பக்கத்துக்கு ஏழாகப் பதினாலு குழி. குழிக்கு ஐந்தாக எழுபது கொட்டை. நாங்கள் குழி தோண்டுவது முற்றத்து மண்ணில்தான், பலகை கிடையாது. எடுத்து, ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போய், காலிக் குழி வந்தால் தடவி, அடுத்த குழியை அள்ளுவது. மூன்று வயதில் விதி தெரியாது, போடுவது மட்டும் தெரியும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஒரே ஒரு கொட்டையைப் பிடிக்கிற அந்தப் பிடிதான் பின்னால் பென்சிலைப் பிடிக்கிற பிடி.

அந்தக் கொட்டை ஒன்றை நான் மூக்கில் விட்டுக்கொண்டேன். ஏன் என்று கேட்காதீர்கள். வலது மூக்கு. அம்மா பதறவில்லை. இடது மூக்கை அழுத்திப் பிடித்து, வாயை மூடச் சொல்லி, "இப்ப சிந்துடா" என்றார். கொட்டை சாக்கில் போய் விழுந்தது. மறுநாளிலிருந்து சின்னப் பிள்ளைகளுக்குக் கொட்டை கிடையாது. பெட்டிக்கடையிலிருந்து கலர் பாட்டில் மூடி வாங்கி வந்து கழுவிக் கொடுத்தார். எந்த மூக்கிலும் நுழையாத அளவு. பெரிய பிள்ளைகளுக்குப் பழையபடி கொட்டை. நான் ஆறு மாதம் மூடியிலேயே இருந்தேன். அந்த அவமானம் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது.

எழுத்துக்கு மணல். அம்மாவின் பால்வாடிக்கு முன்னால், திண்ணைப் பள்ளிக்கூடத்தில் தாத்தாவுக்கும் மணல்தான். எனக்கு மெய்ப்புத் திருத்துகிற வேலை. பழைய புத்தகம் எது கையில் வந்தாலும் புரட்டாமல் விடமாட்டேன். அப்படிப் புரட்டியபோது ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் தட்டுப்பட்டார். 1789இலிருந்து எழும்பூரில் ஆண் அனாதைக் குழந்தைகளின் விடுதியை நடத்தியவர். ஒருநாள் வழியில் 'மலபார்' பள்ளிக்கூடம் ஒன்றைப் பார்க்கிறார். அன்றைய வெள்ளைக்காரர்களுக்குத் தமிழரும் மலபார்தான். பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அதைத் தன் விடுதியில் செய்யச் சொன்னால் அவருடைய ஆசிரியர்கள் மசியவில்லை. எட்டு வயதுப் பையன் ஒருவனைப் பிடித்து அவனை வைத்தே சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க வைத்தார். அது பலித்தது. 1797இல் லண்டனில் அதைப் புத்தகமாகவும் போட்டார். அதற்குப் பிறகு இங்கிலாந்துப் பள்ளிக்கூடங்களில் மணல் தட்டு வந்தது, அதற்கு மெட்ராஸ் முறை என்ற பெயரும் வந்தது.

நம் மணல் கப்பலேறிப் போயிற்று. அங்கிருந்து நமக்குத் திரும்பி வந்தது நாலு கோட்டு நோட்டு.

தம்பி மகளுக்கு அந்த நோட்டில்தான் வீட்டுப்பாடம். மூன்றரை வயதில் சேர்த்தார்கள். பள்ளியின் பெயர் வேண்டாம். முதல் மாதம் படுக்கைக் கோடு, நிற்கும் கோடு. மூன்றாவது மாதமே சேர்த்தெழுதுகிற ஆங்கில எழுத்து. தம்பி மனைவி இரவு எட்டு மணிக்கு அவள் கையைத் தன் கைக்குள் வைத்து எழுதவைப்பாள். குழந்தை அழும், அவளும் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். மறுநாள் சிவப்பு மையில், இன்னும் முயற்சி தேவை என்று வரும். யாருக்கு என்று சொல்லியிருக்காது.

அந்தச் சமயத்தில்தான் பார்க்கில் சறுக்குமரத்திலிருந்து விழுந்தாள். மணிக்கட்டு வீங்கிவிட்டது. எலும்பு டாக்டரிடம் நானும் கூடப் போனேன். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்து, முறிவு இல்லை என்று சொல்லிவிட்டு, எங்கள் முகத்தைப் பார்த்து அவராகவே விளக்கினார். படத்தில் விரல் எலும்பெல்லாம் ஒழுங்காக இருக்கிறது. மணிக்கட்டு இருக்க வேண்டிய இடத்தில் நாலைந்து கூழாங்கல் மாதிரி இடைவெளி விட்டு மிதக்கிறது. மீதி வெறும் இருட்டு.

"பயப்படாதீங்க சார். அங்க எட்டு எலும்பு வரணும். பிறக்கும்போது ஒன்னுகூட எக்ஸ்ரேல தெரியாது, எல்லாம் குருத்தெலும்பு. ஏழு வயசு வரைக்கும் ஏறக்குறைய வயசுக்கு ஒன்னுன்னு வச்சுக்கங்க. எட்டாவது தலைகாட்ட எட்டு வயசுக்கு மேலகூட ஆகும்."

தம்பி மனைவி அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும், "இந்தக் கையை வச்சுக்கிட்டா இவ்வளவு எழுதச் சொன்னாங்க?" என்றாள். அன்றைக்கு இரவு நோட்டு எடுக்கவில்லை. மறுநாள் டீச்சரிடம் போய்ப் பேசினாள். அந்த டீச்சர் பாவம், நாற்பது பிள்ளை, பாடத்திட்டம் மேலேயிருந்து வருகிறது, எழுதவில்லையென்றால் சண்டைக்கு வருவதே பெற்றோர்தான் என்றாராம். அதுவும் பொய்யில்லை.

அடையாற்றுப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். மரியா மாண்டிசோரி அம்மையார் 1939இல் அறுபத்தொன்பது வயதில் அங்கே வந்து இறங்கினார், பிரம்மஞான சபைக்காரர்கள் கூப்பிட்டு. ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். யுத்தம் வந்ததில் கூட வந்த மகனை இத்தாலிக்காரர் என்று பிடித்து வைத்தார்கள். எழுபதாவது பிறந்தநாளுக்கு அம்மாவிடம் திருப்பி அனுப்பினார்கள். அவருடைய சாமான்களில் உப்புத்தாளை எழுத்து வடிவில் வெட்டி அட்டையில் ஒட்டியது ஒன்று உண்டு. குழந்தை அதை விரலால் தடவும். எழுத்து கண்ணுக்குப் போகுமுன் தோலுக்குப் போகிறது. விஜயதசமியில் தாம்பாள அரிசியில் குழந்தையின் விரலைப் பிடித்து எழுத வைக்கிறோமே, அதே உறவுதான். நாம் அதை அன்றைக்கு ஒருநாள் செய்துவிட்டு, அரிசியை வடித்துப் பொங்கிவிடுகிறோம்.

உப்புத்தாள் அட்டையோடு இருக்கிற பள்ளியில் இடம் வாங்கத் தம்பியால் முடியவில்லை. கட்டணம் அப்படி. அம்மாவின் முற்றத்து மணலுக்குக் கட்டணமே இல்லை, ஆனால் அங்கே பிள்ளைகளை அனுப்புகிறவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். அம்மா ஓய்வு பெறுகிற வருஷம் வேன் ஊருக்குள்ளேயே வந்து ஹாரன் அடித்தது. டை கட்டிய பிள்ளைகள் பால்வாடி வாசல் வழியாகவே வேனுக்குப் போகும். 2019 ஜனவரியில் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் அரசாங்கம் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியபோது போனில் சொன்னேன். "பேரு வச்சா பிள்ளைக வருமா வரும். வந்த பிறகு என்ன பண்றாகங்கிறதுதான்" என்றார். பிறகு, "மணல் போட்டிருக்காகளா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

இந்த மே மாதம் தம்பி மகள் ஒரு மாதம் அப்பத்தா வீட்டில் இருந்தாள். நோட்டுப் பை கூடவே போய், அப்படியே திரும்பி வந்தது. சின்ன வெங்காயத்தைப் பெரிசு, சிறிசு, அழுகல் என்று மூன்றாகப் பிரிப்பது, உழக்கில் அரிசி அளந்து போடுவது, உலையில் எத்தனை உழக்கு போட்டோம் என்று அடுப்படியில் இருந்து கத்திச் சொல்வது. வந்த புதிதில் அவள் பேச்சே மாறியிருந்தது. எதற்கெடுத்தாலும் "ஏன்?" அப்புறம் பதில் வரும்வரை நம் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அந்த நிற்றல் எங்கிருந்து வந்தது என்று தம்பிக்குத் தெரியவில்லை. அவன் பிறக்கும்போது அம்மாவுக்கு வேலை கூடிப்போய், அவனைப் பார்த்துக்கொண்டது பாட்டிதான்.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். ஐந்து தட்டு. தம்பி ஒன்றைத் திரும்ப எடுத்து வைக்கப் போனான். நான் தடுத்துவிட்டு, பால்கனிக்குப் போய் அம்மாவுக்குப் போன் போட்டேன். என் மனதில் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஐந்தாவது தட்டு அப்பத்தாவுக்காக இருக்கும். ஊரில் இருக்கிற கிழவியை நினைத்துப் பிள்ளை தட்டு வைத்திருக்கிறது. சொல்லும்போதே எனக்குத் தொண்டை அடைத்தது.

அம்மா கேட்டுக்கொண்டார். "அவகிட்ட கேட்டியா?"

"இல்லம்மா."

"பிறகு எதுக்கு எனக்குப் போன் போடுற? அவளைக் கேளுடா."

உள்ளே வந்தேன். அவள் எதிரில் குந்தி உட்கார்ந்து, "ஏன் பாப்பா ஒன்னு மிஞ்சுது?" என்று கேட்டுவிட்டு, அம்மாவைப் போலச் சும்மா இருந்து பார்த்தேன்.

அவள் ஐந்தாவது தட்டை எடுத்துக்கொண்டுபோய்க் குழம்புச் சட்டியின் மேல் கவிழ்த்தாள்.

"மூடி நேத்து ஒடைஞ்சு போச்சுல்ல பெரியப்பா. ஈ மொய்க்குது."