நத்ஹர் நகரிலிருந்து திருவரங்கம் வரை



பூமியில் பயணம் செய்து, முன் சென்றோரின் முடிவு எவ்வாறு அமைந்தது என்று பார்க்குமாறு திருமறை நம்மைப் பலமுறை அழைக்கிறது. அதற்காக நெடுந்தொலைவு செல்ல வேண்டுமென்பதில்லை. திருச்சிராப்பள்ளியில் ஒரு பகற்பொழுதைச் செலவிட்டாலே போதும். சென்ற தை மாதத்தில் மதரஸா மாணவர் பன்னிருவருடன் நான் சென்று வந்த வழியையே இங்கே உங்களுக்குச் சொல்கிறேன். நீங்களும் உங்கள் பிள்ளைகளை அழைத்துச் செல்லலாம்.

சுப்ஹுத் தொழுகையை முடித்துக்கொண்டு, மதுரைச் சாலையிலுள்ள ஹஸ்ரத் தப்லே ஆலம் பாதுஷா நத்ஹர் வலி அவர்களின் தர்காவிலிருந்து புறப்பட்டோம். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அவர்கள் இந்நகருக்கு வந்ததாக மரபு கூறுகிறது. அவர்கள் பெயராலேயே இவ்வூரை 'நத்ஹர் நகர்' என்றழைத்தார் ஆற்காட்டு நவாப் முஹம்மது அலி வாலாஜா. 1795இல் சென்னையில் மறைந்த அந்த நவாபின் உடல் இங்கேதான் அடக்கம் செய்யப்பட்டுள்ளது. அவருடைய பரம எதிரியான சந்தா சாகிபின் அடக்கமும் இங்கேயே இருப்பதுதான் வியப்பு! ஆற்காட்டுப் பதவிக்காக ஒருவர் ஆங்கிலேயரையும் மற்றவர் பிரெஞ்சுக்காரரையும் துணைக்கு அழைத்தனர். பதவிப் போட்டியில் பகை வளர்த்தவர்கள் இன்று ஒரே வளாகத்தில் உறங்குகின்றனர். இதைக் காட்டிலும் தெளிவான பாடத்தை எந்தக் கிதாபைக் கொண்டு நான் நடத்திவிட முடியும்?

அங்கிருந்து மலைக்கோட்டையை அடைந்தோம். சமவெளியில் தனித்து நிற்கும் இப்பாறையின் உயரம் 83 மீட்டர். மேலேயுள்ள குடைவரையைச் செதுக்கச் செய்தவன் ஏழாம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன். அடிவாரத்துத் தெப்பக்குளத்தின் அருகே, ஜெர்மானியப் பாதிரியார் ஸ்வார்ட்ஸ் 1766இல் கட்டிய தேவாலயம் நிற்கிறது. நவாபின் அவையினருடன் உரையாடுவதற்காகப் பாரசீகம் பயின்றவர் அவர். பழைய கோட்டை மதிலின் எச்சமாக மெயின்கார்டு கேட் மட்டும் எஞ்சியிருக்கிறது.

இக்கோட்டையைப் பற்றிய ஒரு செய்தியைச் சொல்லும்போது என் குரல் தாழ்ந்தது. 1736இல் நாயக்க அரசி மீனாட்சியிடமிருந்து சந்தா சாகிப் இதைக் கைப்பற்றினார். திருக்குர்ஆன் மீது சத்தியம் செய்து அரசியை நம்பவைத்தார் என்றும், துணியில் சுற்றியிருந்தது குர்ஆன் அன்று, வெறும் செங்கல் என்றும் சொல்லப்படுகிறது. வஞ்சிக்கப்பட்ட அரசி நஞ்சுண்டு மாண்டாள். மாணவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டனர்.

நண்பகலுக்கு முன் காவிரிப் பாலத்தைக் கடந்தோம். முக்கொம்பில் பிரியும் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவே திருவரங்கம். ஏழு திருச்சுற்றுகளையும் 21 கோபுரங்களையும் கொண்டது இங்குள்ள அரங்கநாதர் கோயில். பல நூற்றாண்டுகள் முற்றுப்பெறாமல் நின்ற ராஜகோபுரம், 1987இல் 236 அடி உயரத்துடன் நிறைவு பெற்றது. வெளிச்சுற்றுகளில் வீடுகளும் கடைகளுமாக ஒரு நகரமே வாழ்கிறது. நமக்கு அனுமதியுள்ள எல்லை வரை நடந்து பார்த்தோம்.

அப்பொழுதுதான் மாணவன் ஒருவன் தயங்கித் தயங்கிக் கேட்டான்: "ஹஜ்ரத், நம்மவர்கள் இந்தக் கோயிலைக் கொள்ளையடித்தார்கள் என்கிறார்களே, மெய்தானா?"

மழுப்பிவிடலாமா என்று ஒரு கணம் எண்ணினேன். ஆனால், செங்கல்லின் மீது சத்தியம் செய்தவரைக் கண்டித்த வாயால் பொய்யுரைப்பதெப்படி? "மெய்தான். 1311இல் மாலிக் காபூரின் படையும், 1323இல் உலுக்கானின் படையும் தில்லியிலிருந்து வந்தன. கொள்ளையும் கொலையும் நிகழ்ந்தன. துறவியரையும் வழிபடுவோரையும் துன்புறுத்தாதீர்கள் என்று கலீபா அபூபக்ர் (ரலி) அவர்கள் படைக்கு இட்ட கட்டளையை அவர்கள் மறந்தார்கள். அதே வேளையில், 1752இல் இத்தீவில் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும் முற்றுகையிடப்பட்டபோது, முஹம்மது அலியின் பக்கம் நின்று போரிட்டவை மைசூர், தஞ்சை, மராட்டியப் படைகள். சந்தா சாகிபின் தலையைத் துண்டித்தது அவர் நம்பிச் சரணடைந்த தஞ்சைத் தளபதியின் தரப்பு. மன்னர்களுக்கு நாடுதான் குறி" என்றேன்.

எங்கள் பேச்சைச் செவிமடுத்துக்கொண்டிருந்த வெற்றிலைக் கடைப் பெரியவர், "தம்பி, உள்ளே துலுக்க நாச்சியாருக்கு ஒரு சந்நிதி இருக்கிறது, தெரியுமோ?" என்றார். படையெடுப்பின்போது தில்லிக்குக் கொண்டுசெல்லப்பட்ட அரங்கனின் திருமேனியிடம் சுல்தானின் மகள் மனத்தைப் பறிகொடுத்தாள் என்பது கோயில் மரபுக் கதை. சுவரில் ஓவியமாக விளங்கும் அவளுக்காக, அரங்கனுக்கு இன்றும் ரொட்டியும் வெண்ணெயும் படைக்கிறார்களாம்.

அக்கதை நம் ஈமானுக்கு உடன்பட்டதன்று. அதை நான் மாணவர்களிடம் மறைக்கவில்லை. ஆயினும், கொள்ளையின் வடுவைச் சுமந்த மக்கள், கொள்ளையிட்டவரின் வீட்டுப் பெண் ஒருத்திக்குத் தம் நினைவில் இடம் தந்திருக்கிறார்களே! அந்த அண்டை மனத்தை மதிக்க வேண்டாமா? கேள்வி கேட்ட மாணவன் பெரியவருக்கு ஸலாம் சொன்னான். அவர் சிரித்தபடி எல்லாருக்கும் பானைத் தண்ணீர் கொடுத்தார்.

வாசகர்களே! மலைக்கோட்டையை வெயில் ஏறுமுன் பார்த்துவிடுங்கள். மார்கழி வைகுண்ட ஏகாதசித் திருநாட்களில் திருவரங்கத்தில் பெருங்கூட்டம் திரளும். குழந்தைகளுடன் செல்வோர் வேறு நாளைத் தேர்வது நலம். முக்கொம்புப் பூங்காவில் மாலைப் பொழுதைக் கழிக்கலாம்.

பிள்ளைகள் கேள்வி கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். முன்னோரின் குற்றத்தை நாம் சுமக்க வேண்டியதில்லை; அதை மறைக்கவும் வேண்டியதில்லை. உண்மையைக் கேட்டு வளரும் பிள்ளை அண்டை வீட்டாரின் முகத்தை நேருக்கு நேர் பார்க்கும். அத்தகைய தலைமுறையை நமக்கு அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.