அட்ரஸ் கட்டாயமா?

 

எங்கம்மா மதுரைப் பக்கம் ஒரு கிராமத்துல அங்கன்வாடி டீச்சர். குழந்தை வைத்தியம்னா எனக்கு டாக்டர் முகம் ஞாபகம் வராது, அம்மாவோட தொங்குதராசுதான் வரும். 1980ல தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் எங்க மாவட்டத்துலதான் ஆரம்பிச்சது. மூணு வயசுக்குட்பட்ட பிள்ளைகளை மாசாமாசம் எடை போடணும், எடை சரியா ஏறாத பிள்ளைக்கு சத்துமாவு. அந்தத் திட்டம் முடிஞ்சும் எடை போடற வேலை நிக்கலை. கண்ணு பட்டுடும்னு சில வீட்ல கதவைச் சாத்துவாங்க. அம்மா வாசல்லயே என்னைத் தூக்கித் தராசுல போட்டுக் காட்டுவாங்களாம். பரிசோதனை எலி நான்தான்.

நிற்க. இப்ப சான் ஹோசேல பொதுச் சுகாதாரம் படிக்கிறேன். இங்கயும் இப்படி ஒரு கதை உண்டு. சிகரெட் கம்பெனிகள் கொடுத்த நஷ்டஈட்டுப் பணத்துல எல்லாக் குழந்தைக்கும் இன்சூரன்ஸ் கொடுங்கன்னு 2000ல சர்ச்சுக்காரங்களும் தொழிற்சங்கக்காரங்களும் கேட்டாங்க. நகரசபை முதல்ல முடியாதுன்னுடுச்சு. சான்டா கிளாரா கவுன்ட்டி ஏத்துக்கிச்சு. 2001 ஜனவரியில ஹெல்த்தி கிட்ஸ் வந்தது. ஏழைக் குடும்பத்துக் குழந்தையா, விசா இருக்கோ இல்லையோ, உள்ளே வா. இதுல எனக்குப் பிடிச்சது, எல்லாருக்கும்னு சொன்னதும் தைரியமா வந்தவங்கள்ல நிறைய பேருக்கு மெடி-கால்ல சேர ஏற்கனவே தகுதி இருந்திருக்கு. பயந்துக்கிட்டு வராமலே இருந்திருக்காங்க! 2016 மே மாசத்துலேர்ந்து கலிஃபோர்னியா முழுக்கவே விசா பார்க்காம குழந்தைகளுக்கு மெடி-கால் கொடுக்கறாங்க.

போன வாரம் ஒரு ஸ்கூல்ல ஃபார்ம் நிரப்ப உதவி பண்ணப் போயிருந்தேன். ஒரு அம்மா, இடுப்புல ரெண்டு வயசுப் பையன், விடாம இருமிக்கிட்டே இருந்தான். பேர் எழுதினாங்க. அடுத்த கட்டத்துல பேனா நின்னுடுச்சு. "அட்ரஸ் கட்டாயமா?"

மெடி-கால்காரங்க விவரம் குடியேற்றத் துறை கைக்குப் போச்சுன்னு 2025ல வந்த செய்தி அவங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "ஒண்ணும் ஆகாது"ன்னு சொல்ல வாய் வரலை. சட்ட உதவி நம்பர் ஒண்ணு எழுதிக் கொடுத்தேன். ஃபார்மை மடிச்சுப் பையில வச்சுக்கிட்டுப் போயிட்டாங்க.

ராத்திரி அம்மாகிட்ட ஃபோன்ல சொன்னேன். "வீடு தெரியுமாடா?"ன்னாங்க.

தெரியாதும்மா. அட்ரஸ்தான் எழுதலையே.

"அப்ப அடுத்த வாரமும் அந்த ஸ்கூலுக்கே போய் உக்காரு."

வியாழக்கிழமை போறேன்.