காட்டுவழிக்குக் கட்டுச்சோறு

மாத்தளை நகரிலே காலை வேளையில் கிழக்கு நோக்கி நிற்போர் கண்ணுக்கு, மேகத்திரையை விலக்கிக்கொண்டு ஒரு மலைத்தொடர் தோன்றும். மடக்கிய கையின் விரல்மூட்டுக்கள் வரிசையாகப் புடைத்து நிற்பன போன்ற தோற்றங்கண்டு ஆங்கிலேயர் அதற்கு ‘நக்கிள்ஸ்’ எனப் பெயரிட்டனர். சிங்கள மக்கள் தும்பர மலை என்பர். மாத்தளை, கண்டி ஆகிய இரு மாவட்டங்களிலும் பரந்து கிடக்கும் இத்தொடர், 2010 ஆம் ஆண்டில், இலங்கையின் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது.

இம்மலையின் மடியிலே பத்து நாட்கள் வாழ்ந்து பார்க்கவேண்டும் என்று எம் மாணவர் பன்னிருவர் ஒருநாள் மாலை எம்மிடம் வந்து நின்றனர். “வீடு வேண்டாம், மின்சாரம் வேண்டாம், கடை வேண்டாம். ஆகஸ்ட் விடுமுறையில் ஆதிமனிதனைப் போல் வாழப்போகிறோம், சேர். நீங்களும் கூட வரவேண்டும்” என்றான் அவர்களுள் தலைவன்.

“நன்று. அதற்கு என்ன ஆயத்தஞ் செய்திருக்கிறீர்கள்?” என்று வினவினோம்.

நாற்பத்துமூன்று பொருள்கள் எழுதிய நீண்ட தாள் ஒன்றை நீட்டினர். கூடாரம், கைவிளக்கு, மூவகைக் கத்திகள், பிஸ்கட் பெட்டிகள், கைத்தொலைபேசிக்கு மின்னூட்டும் கருவி, அதற்கு மேலதிகமாக இன்னொன்று! ஆதிமனிதன் இத்தாளைக் கண்டிருப்பானாயின், இத்தனையையும் சுமக்க அஞ்சிக் குகையைவிட்டே வெளிவந்திரான்.

தாளைத் திருப்பிக் கொடுத்து, “வரும் ஞாயிற்றுக்கிழமை எம்மோடு நாலந்தைக்கு வாருங்கள். இப்பட்டியலைத் திருத்தித் தரக்கூடியவர்கள் அவ்வழியிலேதான் நடந்து போனார்கள்” என்றோம்.

வடபாதை

மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் பெருவீதி, இன்று கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் ஏ-9 வீதியின் ஒரு துண்டு. பஸ் வண்டியில் ஏறிச் சிறிது தூரம் சென்றதும் அலுவிகாரை வருகிறது. பௌத்தரின் திரிபிடகம் ஏட்டில் எழுதப்பெற்ற இடம் என்று போற்றப்படுவது. அப்பால் கொக்கோவும் மிளகும் தென்னையும் செழித்த தோட்டங்கள். வடக்கே செல்லச்செல்ல ஈரம் குறைந்து, காட்டின் நிறம் பச்சையிலிருந்து சாம்பலாக மாறுகிறது. நாலந்தையிலே கெடிகே என்னும் கற்கோயில் இருக்கிறது. பல்லவர் பாணியை நினைவூட்டும் அமைப்புடைய அக்கோயில், போவத்தன்ன நீர்த்தேக்கம் அமைந்தபோது நீரில் மூழ்காவண்ணம் கல்கல்லாகப் பெயர்த்தெடுக்கப்பட்டு, மேட்டு நிலத்திலே மீண்டும் கட்டப்பெற்றது.

கோயிலைச் சுற்றிப் பார்த்தபின் நீர்க்கரையின் மரநிழலிலே மாணவரை அமரச்செய்து, அவ்வழியின் கதையைக் கூறலானோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கண்டிச் சீமையில் கோப்பித் தோட்டங்கள் பெருகின. தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. தமிழகத்தின் வறண்ட ஊர்களிலே பசித்த வயிறுகள் இருந்தன. கங்காணியின் சொல்லை நம்பிப் புறப்பட்ட மக்கள் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கினர். அங்கிருந்து மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தை வழியாக மாத்தளைக்கு நடந்தனர். வடபாதை என்று பெயர்பெற்ற அந்த வழி ஏறத்தாழ 150 மைல். இரயில் மாத்தளைக்கு வந்ததே 1880 ஆம் ஆண்டிலேதான். அதுவும் கண்டிப் பக்கத்திலிருந்து வந்தது. மன்னாரிலிருந்து வந்தோருக்குக் காலே வண்டி.

அவர்கள் கொண்டுவந்தது என்ன? ஒரு கம்பளி அல்லது கிழிந்த துப்பட்டி, ஒரு மண்சட்டி, சிறிது அரிசி, கங்காணியிடம் பட்ட கடன். கடன் ஒன்றுதான் வழியில் குறையாமல் வளர்ந்தது. யானையும் சிறுத்தையும் நடமாடும் காடு என்று நாம் அஞ்சுகிறோம். ஆயினும் அவ்வழியில் மிகுதியான உயிர்களைக் கொண்டுபோனவை விலங்குகள் அல்ல, காய்ச்சலும் வாந்திபேதியுமே. வறண்ட மாதங்களிலே குளத்தின் அடியில் எஞ்சிய சேற்றுநீரை மனிதரும் மாடும் பகிர்ந்து குடித்தனர். நோயுற்று நடக்கமாட்டாதவர் பலர் வழியோரத்திலேயே விடப்பட்டனர். கிணறுகளும் தங்குமிடங்களும் மருத்துவ நிலையங்களும் பின்னாளிலேதான் வந்தன. கொள்ளைநோய் அச்சத்தால் 1899 ஆம் ஆண்டளவில் வடபாதை மூடப்பட்டது. 1914 ஆம் ஆண்டில் தலைமன்னார் இரயில்பாதை திறந்தபின் பயணத்தின் முறையே மாறிற்று.

அம்மக்கள் வந்து 200 ஆண்டுகள் நிறைந்ததை நினைவுகூர்ந்து, 2023 ஆம் ஆண்டு ஜூலை 28 ஆம் நாள் தலைமன்னாரிலிருந்து ஒரு கூட்டம் இதே வழியில் நடக்கத் தொடங்கி, ஆகஸ்ட் 12 ஆம் நாள் மாத்தளையை அடைந்தது. தார்வீதி, வழிநெடுக உபசாரம், மருத்துவ உதவி எல்லாம் இருந்தும் அந்நடைக்குப் பதினாறு நாட்கள் பிடித்தன. இவை ஒன்றுமின்றி நடந்தவர்களை எண்ணிப் பாருங்கள் என்றோம். மாணவர் சிறிது நேரம் வாய் திறக்கவில்லை.

ஒரு கைதியின் மூட்டை

இதே வனாந்தரத்தை எதிர்த்திசையில் கடந்தவன் ஒருவனும் உண்டு. றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயன் 1660 ஆம் ஆண்டில் கண்டி அரசனிடம் சிறைப்பட்டு, பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் இந்நாட்டிலே வாழ்ந்தான். தப்பிச்செல்லும் எண்ணத்தோடு, சில்லறைப் பொருள் விற்கும் வியாபாரியாகத் தன் தோழனுடன் ஊரூராகத் திரிந்து வழிகளைக் கற்றான். வடக்கே மழை பொய்த்து நீரில்லாத ஆண்டுகளிலே, முயன்றும் திரும்பிவிட்டான். 1679 ஆம் ஆண்டிலேதான் இருவரும் அநுராதபுரத்தைக் கடந்து, மல்வத்து ஓயாவின் கரையைப் பற்றிக்கொண்டே நடந்து, அக்டோபர் 18 ஆம் நாள் ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டையை அடைந்தனர்.

அவர்களது மூட்டையில் இருந்தவற்றை நொக்ஸ் தன் நூலிலே குறித்திருக்கிறான். பத்து நாளைக்குப் போதுமான அரிசி, இறைச்சி, மீன், உப்பு, மிளகு. சமைக்க ஒரு பாத்திரம். நீர் மொள்ள இரண்டு சுரைக்குடுக்கைகள். மழைக்கு இரண்டு பெரிய தாளிப்பனை ஓலைகள். ஒன்று பழுதுற்றால் மற்றொன்று உதவுமென்று இரண்டு மூன்று தீமூட்டும் பெட்டிகள். முள் தைக்காமற் பாதணி செய்ய ஒரு மான்தோல். “எண்ணிப் பாருங்கள், எத்தனை பொருள்?” என்றோம். விரல்களுக்குள் அடங்கிவிட்டது. அவனுடைய பெரிய ஆயத்தம் மூட்டைக்குள் இல்லை. வழியைக் கற்ற பல ஆண்டுகளிலே இருந்தது.

நீரும் நெருப்பும்

ஊர் திரும்பியபின் ஆயத்தம் முறையாகத் தொடங்கிற்று. முதலில் அனுமதி. காப்புக்காட்டிலே நினைத்த இடத்திற் படுத்துறங்க முடியாது. வன பரிபாலனத் திணைக்களம் இசையும் இடத்திலேதான் தங்கவேண்டும். வேட்டையும் இல்லை, காய் கனி பறித்தலும் இல்லை. ஆதிமனிதனுக்குக் காடு களஞ்சியமாயிருந்தது. நமக்கோ அது பிறர் வீடு. விருந்தினராகச் சென்று, ஒன்றையும் எடாமல் திரும்பவேண்டும்.

அடுத்து உணவு. வேளைக்கு ஆளுக்கு 125 கிராம் அரிசி, நாளுக்கு இரு வேளை, எம்மையும் சேர்த்துப் பதின்மூவர், பத்து நாட்கள் என்று கணக்கிட்ட மாணவன் திகைத்துப்போனான். அரிசி மட்டும் 32½ கிலோ! பருப்பு, கருவாடு, உப்பு, தேங்காய் இன்னும் சேரவில்லை. பிஸ்கட் பெட்டிகள் அன்றே பட்டியலிலிருந்து கழிந்தன. பாதி அரிசியைக் காட்டோரக் கிராமத்து வீடொன்றிலே முன்கூட்டி வைத்து, ஐந்தாம் நாள் பெற்றுக்கொள்வதென்று முடிவாயிற்று.

நீருக்கு விதி ஒன்றே: தெளிவாக ஓடும் மலையருவியானாலும் கொதிக்கவைத்தே குடிக்கவேண்டும். கழிவிடம் நீரோட்டத்திலிருந்து இருநூறு அடிக்கு அப்பால் இருக்கவேண்டும். காலிலே புண் உள்ளவன் சேற்றுநீரில் இறங்கலாகாது. எலிக்காய்ச்சல் மாத்தளைக்குப் புதியதன்று. அட்டைக்கு அஞ்சவேண்டியதில்லை, நீண்ட காலுறையும் சவர்க்காரமும் போதும். விரியனுக்கு அஞ்சத்தான் வேண்டும். ஆதலால் இருட்டியபின் விளக்கின்றி அடியெடுத்து வைத்தல் கூடாது.

நெருப்பு மூட்டிச் சுற்றியிருந்து பாடவேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் இருந்தது. ஆனால் ஆகஸ்டிலே ரிவஸ்டன் கணவாயில் வீசும் காற்று ஆளையே தள்ளும். பிட்டவலப் பத்தனைப் புல்வெளி அக்காலத்திற் காய்ந்து கிடக்கும். ஒரு பொறி போதும். ஆகவே மண்ணெண்ணெய் அடுப்பொன்றே துணை என்று விதித்தோம். முகங்கள் வாடின, ஆயினும் இசைந்தனர்.

ஒத்திகையில் நேர்ந்த பிழை

ஜூன் மாதத்திலே, இரத்தோட்டைக்கு மேலேயுள்ள மலைச்சரிவில் ஓரிரவு ஒத்திகை நடத்தினோம். சுமையோடு ஏறுகையில் இளங்கால்கள் போட்டியிட்டன. நாமும் முன்னே சென்றவர்களோடு பேசிக்கொண்டே நடந்துவிட்டோம். உச்சியை அடைந்து எண்ணினால் பதினொருவர். ஒருவன் இல்லை.

உடனே திரும்பி இறங்கினோம். கூவினோம், காற்று குரலைக் கொண்டுபோயிற்று. முக்கால் மணி நேரத்தின்பின், வழி இரண்டாகப் பிரியும் இடத்திலே ஒரு பாறைமேல் அவன் அமர்ந்திருக்கக் கண்டோம். கால் சுளுக்கியிருந்தது. “கூப்பிட்டேன், சேர். ஒருவருக்கும் கேட்கவில்லை” என்றான். அவன் அழவில்லை. அழுதிருந்தால் எமக்குச் சற்று ஆறுதலாயிருந்திருக்கும். கடைசியில் நடக்கவேண்டியவர் யார் என்பதை நாம் ஒருவருக்கும் விதிக்கவில்லை. பிழை எம்முடையது.

மறுநாள் அவன் வீட்டுக்குச் சென்றோம். தோட்டத்து லயத்திலே ஓர் அறை. கொழுந்து கொய்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்த தாயார், தேநீர் தந்து, எதிரே தரையில் அமர்ந்தார். நாம் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம்.

“ஐயா, பிள்ளை மலைக்குப் போறதை நான் வேணாமுன்னு சொல்லலே. வழியிலே விட்டுட்டு நடந்துட்டீங்களே, அதுதான் மனசுக்குக் கேக்கலே” என்றார். பின்னர், தம் குடும்பத்திலே வழிவழியாகச் சொல்லிவரும் ஒன்றை எடுத்துரைத்தார். மன்னாரிலிருந்து நடந்து வந்த முன்னோர் ஒருவருடன் அவருடைய தம்பியும் வந்தாராம். தம்புள்ளைக்கு இப்பால் அவருக்குக் காய்ச்சல் கண்டது. கூட்டம் நிற்கவில்லை, நிற்கவிடவில்லை. ஒரு சட்டித் தண்ணீரையும் ஒருபிடிச் சோற்றையும் அருகில் வைத்துவிட்டு அண்ணன் நடந்தாராம். மாத்தளை வந்துசேர்ந்தபின் அவர் வாழ்நாள் முழுவதும் இராச் சோற்றிலே ஒருபிடியை ஒதுக்கிவைத்த பின்னரே உண்பாராம்.

“இன்னிக்கும் ஆடி அமாவாசைக்கு அவருக்கும் ஒரு இலை போடுறோம். அவரு பேரு எங்களுக்குத் தெரியாது, ஐயா” என்றார் அந்த அம்மையார்.

எம்மால் மறுமொழி கூற இயலவில்லை. வகுப்பிலே வடபாதையின் வரலாற்றைப் பலமுறை கற்பித்திருக்கிறோம். நாலந்தையிலே மரநிழலில் இருந்து அழகாகவும் கூறினோம். ஆனால் அவ்வரலாறு எதைச் செய்யாதே என்று எச்சரிக்கிறதோ, அதையே இரண்டு வாரத்துக்குள் செய்துவிட்டோம்.

திருத்திய பட்டியல்

அன்று முதல் எமது குழுவுக்கு முறை ஒன்று வகுத்தோம். முன்னே நடப்பவன் குழுவில் மிக மெதுவாக நடப்பவன். அவன் வேகமே எல்லோருடைய வேகம். கடைசியில் நாம். அரைமணிக்கு ஒருமுறை நின்று, ஒவ்வொருவனும் தன் இலக்கத்தை உரக்கச் சொல்லவேண்டும். ஒருவன் நோயுற்றால் இருவர் உடனிருக்க, இருவர் உதவிக்கு ஓட, எஞ்சியோர் அவ்விடத்திலேயே தங்கவேண்டும். கைத்தொலைபேசி எட்டாத இடங்கள் அங்கு பல. ஆதலால் அண்மையிலுள்ள வீடும் வைத்தியசாலையும் எல்லோருக்கும் மனப்பாடமாயிருத்தல் வேண்டும். இம்முறையைக் கைக்கொண்டு இரண்டாம் ஒத்திகையும் நடந்தது. மெல்லத்தான் ஏறினோம், ஒன்றாகவே ஏறினோம்.

நாற்பத்துமூன்று பொருள்கள் பத்தொன்பதாகக் குறைந்தன. கத்தி மூன்றும் ஒன்றாயிற்று. தீப்பெட்டி மட்டும், நொக்ஸ் காட்டிய வழியில், மூன்றாயிற்று. தம் பிள்ளைகளைக் காட்டுக்கும் மலைக்கும் அனுப்பும் பெற்றோர், மூட்டையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதோடு அமையாமல், கடைசியாக நடப்பவர் யார் என்றும் கேட்டுக்கொள்வாராக.

நாளை மறுநாள் புறப்படுகிறோம். சுளுக்கு ஆறிய அந்த மாணவன்தான் முன்னே நடக்கப்போகிறான். அவன் தாயார், முதல் நாளைக்கு எல்லோருக்கும் புளிச்சோறு கட்டித் தருவதாகச் சொல்லியனுப்பியிருக்கிறார். “எத்தனை பொட்டலம் என்று அம்மா கேட்டார், சேர்” என்றான். பதின்மூன்று என்றோம்.